இரண்டாம் நாள்

"வயித்து வலிக்கா" என்று ஒரு பெண் வந்து நின்றால் நான் முதலில் அவள் கையைத்தான் பார்ப்பேன். காலையில் சாப்பிட்ட பூரி ஒத்துக்கொள்ளாதவள் தொப்புளுக்கு மேலே தடவிக்கொண்டிருப்பாள். ஓட்டத்தில் விலாப் பிடித்துக்கொண்டவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒற்றை விரலால் இடத்தைக் காட்டுவாள். மாதவிலக்கு வலி என்றால் உள்ளங்கை முழுவதும் அடிவயிற்றில் படிந்திருக்கும். இன்னொரு கை தானாகப் பின்னால் போய் இடுப்பை அழுத்திக்கொண்டிருக்கும். விளையாட்டுப் பெண்களுக்கு பிசியோதெரபி பார்க்க ஆரம்பித்து 19 வருடம் ஆகிறது. இன்றும் பெரும்பாலான பெண்கள் எனக்கு விஷயத்தைச் சொல்வது அந்தக் கைகளால்தான்.

வாய்விட்டுச் சொல்ல அவர்களிடம் வார்த்தை இல்லாமல் இல்லை. வீட்டில் 'தூரம்', பாட்டி இருந்தால் 'தீட்டு', விடுதியில் 'டேட் வந்துடுச்சு', வகுப்பில் 'பீரியட்ஸ்'. மைதானத்தில், சாருக்கு முன்னால் மட்டும் எல்லாம் போய் 'வயித்து வலி சார்' என்று ஆகிவிடும். அதைக் கேட்டதும் சாரின் பார்வை வேறு பக்கம் திரும்பும். அவருக்கும் புரியும். "சரி, போய் ரெஸ்ட் எடு" என்பார் ஒருவர். "ரெண்டு ரவுண்டு ஓடு, எல்லாம் சரியாயிடும்" என்பார் இன்னொருவர். இந்த இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒரு வாக்கியம் எந்த மைதானத்திலும் என் காதில் விழுந்ததில்லை, நான் விளையாடிய காலத்திலும் சரி, வேலைக்கு வந்த புதிதிலும் சரி.

பள்ளியிலும் கல்லூரியிலும் நான் வாலிபால் ஆடினேன். ஒரு மாவட்டப் போட்டியின் இறுதி ஆட்டம் எனக்கு இரண்டாம் நாளில் வந்தது. வெள்ளை டிராயர். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு நாப்கின், அதற்கும் மேல் அம்மாவின் பழைய பருத்திப் புடவைத் துணி. கறை தெரிந்துவிடும் என்ற பயத்தில் தரையோடு போன மூன்று பந்துகளுக்கு நான் பாயவில்லை. சோம்பேறி என்று சார் எல்லார் முன்னாலும் திட்டினார். நான் காரணம் சொல்லவில்லை. அப்புறம் பிசியோதெரபி படிக்கப் போனேன். முழங்கால் ஜவ்வு, தோள்பட்டை மூட்டு எல்லாம் அத்தியாயம் அத்தியாயமாகப் படித்தோம். பெண் உடம்பு என்று வந்தபோது கர்ப்பமும் பிரசவமும்தான் பாடம். ஓடுகிற பெண்ணின் மாதவிலக்கு யாருடைய இலாகா என்பதே படித்து வெளியே வந்தபோது எனக்குத் தெரியாது.

அது என்னுடைய இலாகாதான் என்பதை எனக்குப் புரியவைத்தது ஒரு மே மாதத்து மதியம். 800 மீட்டர் ஓடுகிற பெண், 16 வயது. அன்று அவளுக்கு முதல் நாள். குமட்டல் என்று காலையில் வெறும் டீ மட்டும் குடித்திருந்தாள். முதலுதவிக் கூடாரத்தில் ஒருவர் வழக்கமான மாத்திரையை நீட்டினார். நம் ஊரில் மருந்துக்கடைக்காரர் சீட்டு கேட்காமல் எடுத்துக் கொடுப்பாரே, அதுதான். "போட்டுக்கட்டுமாக்கா?" என்று என்னைக் கேட்டாள். நானும் தலையை ஆட்டினேன். இரண்டரை மணி வெயிலில் ஓட்டம். கோட்டைத் தாண்டி நாலு எட்டு வைத்து விழுந்துவிட்டாள். தொட்டுப் பார்த்தபோது உடம்பு கொதித்தது, தோலில் ஈரமே இல்லை. 800 மீட்டர் ஓடிவந்தவளின் முதுகு காய்ந்த துணி மாதிரி இருந்தது. ஐஸ், ஈரத் துண்டு, ஆம்புலன்ஸ், குளுக்கோஸ். சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து பேசினாள். வெயில், வெறும் வயிறு, மாத்திரை மூன்றும் சேர்ந்துகொண்டன என்றார் டாக்டர்.

அந்த ஒற்றை மாத்திரைக்குள் இரண்டு மருந்து இருக்கிறது. ஒன்று மெஃபனாமிக் ஆசிட், வலியைக் குறைப்பது. மற்றது டைசைக்ளோமின், தசை இறுக்கத்தைத் தளர்த்துவது. இந்த இரண்டாவதற்கு வியர்வையைக் குறைக்கும் குணம் உண்டு. வீட்டில் மின்விசிறிக்கு அடியில் படுத்திருப்பவளுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. மே மாத வெயிலில் ஓடுகிறவளுக்கு உடம்பின் குளிர்சாதனத்தையே நிறுத்துவது மாதிரி அது. முதலாவதோ வெறும் வயிற்றில் இரைப்பையைப் புண்ணாக்கும், உடம்பில் நீர் வற்றியிருந்தால் சிறுநீரகத்தையும் தொடும். இதையெல்லாம் நான் படித்திருந்தேன். ஆனாலும் "சாப்பிட்டியா, தண்ணி குடிச்சியா, உனக்கு எத்தனை மணிக்கு ஓட்டம்?" என்ற மூன்று கேள்விகளை அன்று நான் கேட்கவில்லை. அதன்பின் கேட்காமல் இருந்ததில்லை. 2023 நவம்பரில் இந்திய மருந்தியல் ஆணையம் மெஃபனாமிக் ஆசிட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை விட்டது: அரிதாகச் சிலருக்குத் தோல் தடிப்பும் காய்ச்சலுமாகத் தொடங்கி உள்ளுறுப்புகள் வரை பாதிக்கும் ஒவ்வாமை வரலாம் என்று. அதனால் தடிப்பு வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்பதையும் இப்போது சேர்த்துச் சொல்கிறேன்.

மாதவிலக்கு வலி எங்கிருந்து வருகிறது என்று பெண்களுக்கு விளக்க நான் கெண்டைக்காலைத்தான் துணைக்கு அழைப்பேன். ஓட்டக்காரிகளில் ராத்திரி கெண்டைக்கால் பிடித்து அலறாதவள் கிடையாது. கருப்பையும் தசைதான். உள்படலம் உதிரும்போது புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் அங்கே சுரக்கிறது. அது தசையை இறுக்கிப் பிழியும். இறுகும்போது ரத்த ஓட்டம் குறையும், ரத்தம் குறைந்த தசை வலிக்கும். அதே பொருள் பக்கத்தில் இருக்கும் குடலையும் தூண்டிவிடுவதால்தான் சிலருக்கு வயிறு போகிறது, வாந்தி வருகிறது. "அப்போ எனக்கு சாப்பாடு சேரலைன்னு நினைச்சதெல்லாம் இதுதானாக்கா?" என்று ஒரு கபடிப் பெண் கேட்டாள். நாலு வருடமாக மாதா மாதம் விடுதிச் சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்.

முதல் 48 மணி நேரத்தில்தான் இந்தச் சுரப்பு அதிகம். இப்யூபுரூஃபன், மெஃபனாமிக் ஆசிட் போன்றவை சுரந்துவிட்டதை அழிப்பதில்லை, புதிதாகச் சுரப்பதைத் தடுக்கின்றன. ஆகவே சுருண்டு படுத்த பிறகு போடும் மாத்திரைக்கு வேலை பாதிதான். வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும். அறிகுறி தொடங்கியவுடன், சிலருக்கு அதற்கு முந்தின நாளே, சாப்பாட்டுக்குப் பின், டாக்டர் எழுதிய அளவில், இரண்டு மூன்று நாள் மட்டும். மாத்திரை எழுதுவது என் வேலை அல்ல. ஆஸ்துமா, வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு இவை ஆகாது. அதனால் சீசன் தொடங்கும்போதே ஒவ்வொருத்தியையும் டாக்டரிடம் கூட்டிப்போய் அவளுக்கு என்ன மருந்து என்று எழுதி வாங்கிவிடுகிறோம். போட்டிக் காலையில் பக்கத்து அறைத் தோழி கொடுத்ததை விழுங்குவது அத்தோடு நின்றது. ஊக்கமருந்து விஷயத்தில் இப்யூபுரூஃபன், மெஃபனாமிக் ஆசிட் இரண்டுக்கும் தடை இல்லை. ஆனால் கடும் வலிக்கென்று சிலர் கொடுக்கும் டிரமடாலுக்கு 2024 ஜனவரி முதல் போட்டி நேரத்தில் தடை இருக்கிறது. வலி பொறுக்காமல் எதையாவது வாங்கிப் போடுகிற பெண் சிக்கிக்கொள்ளும் இடம் இது.

முன்கூட்டியே போட வேண்டுமென்றால் தேதி தெரிய வேண்டுமே. "எப்ப வரும்?" என்றால் "திடீர்னு வரும்கா" என்பார்கள். கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்தேன். ஒரு பக்கம் ஒரு மாதம். முதல் நாளைச் சிவப்பாக அடிக்க வேண்டும். தினம் வலிக்கு 0 முதல் 10 வரை ஒரு எண், மாற்றிய நாப்கின் எத்தனை, தூக்கம் எப்படி, வயிறு போனதா, பயிற்சி முடித்தாளா. செல்போனில் இதற்குச் செயலிகள் உண்டு. ஆனால் நான் வேலை பார்க்கும் விடுதியில் ஞாயிற்றுக்கிழமைதான் போன் கைக்கு வரும். நோட்டு அவளுடையது, அவள் பெட்டியில் இருக்கும், அவள் காட்டினால்தான் நானே பார்ப்பேன். சாரிடம் போகாது. இந்த உறுதிமொழி இல்லையென்றால் ஒருத்தியும் உண்மையை எழுதியிருக்க மாட்டாள்.

மூன்று மாதத்தில் திடீர் என்பது போய்விட்டது. தனக்கு வருவதற்கு முந்தின நாள் தொடை கனக்கும் என்று ஒருத்தி கண்டுபிடித்தாள். முதல் நாளைவிட இரண்டாம் நாள்தான் தன்னைப் படுத்துகிறது என்றாள் இன்னொருத்தி. நீளம் தாண்டும் பெண் ஒருத்தியின் அந்த வருடத்துச் சிறந்த தாண்டலோ சரியாக இரண்டாம் நாளில் இருந்தது! எங்கள் பயிற்சியாளர்களில் ஆர்வமுள்ள ஒருவர் வெளிநாட்டுச் செய்திகளைப் படித்துவிட்டு வந்தார். 2019 உலகக் கோப்பைக்குத் தயாரான அமெரிக்கப் பெண்கள் கால்பந்து அணி வீராங்கனைகளின் மாதவிலக்குச் சுழற்சியைக் குறித்துவைத்துத் திட்டமிட்டது. அதுபோல நாமும் நாள் வாரியாக எல்லோருக்கும் ஒரே அட்டவணை போட்டுவிடலாம் என்றார். வேண்டாம் என்றேன். 2020இல் 78 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொன்னது, சராசரியில் முதல் சில நாட்களில் திறன் குறைவது மிகச் சிறிய அளவுதான், ஆய்வுக்கு ஆய்வு முடிவு மாறுகிறது, அதனால் ஆளுக்கு ஆள் பார்த்துத்தான் திட்டமிட வேண்டும் என்பது. எங்கள் நோட்டுகள் சொன்னதும் அதுவே. அட்டவணையை அவளவள் நோட்டிலிருந்துதான் எழுத வேண்டும்.

சாருக்கும் பெண்ணுக்கும் நடுவே இருந்த சுவர்தான் மிகவும் கஷ்டம் கொடுத்தது. தடகளம் சொல்லிக்கொடுக்கும் மூத்த பயிற்சியாளர், 50 வயது தாண்டியவர், நல்ல மனிதர். "கேட்டுட்டு வேலை குடுங்க சார்" என்றேன். "நான் எப்படி மேடம் கேக்கறது? என் பொண்ணுகிட்டயே இதுவரைக்கும் கேட்டதில்லை" என்றார். அவர் குரலில் வெறுப்பு இல்லை, கூச்சம்தான் இருந்தது. அதனால் அவர் கேட்காமலே தெரிந்துகொள்ள ஒரு வழி செய்தோம். வருகைப் பதிவேட்டில் ஒவ்வொருத்தியும் தன் பெயருக்கு எதிரே அன்றைய உடம்புக்கு 10க்கு எத்தனை என்று ஓர் எண் போடுவாள். காரணம் எழுத வேண்டாம். தூக்கமில்லாமலும் இருக்கலாம், முழங்கால் வலியாகவும் இருக்கலாம். 4க்குக் கீழே இருந்தால் அன்று வேகப் பயிற்சி இல்லை, என்னிடம் அனுப்பிவிட வேண்டும். பையன்களும் போட்டார்கள். ஒரே மாதத்தில் அந்தப் பெண்கள் மைதானத்தில் 'வயித்து வலி' என்று சொல்வதை விட்டுவிட்டார்கள்.

என்னிடம் வந்தவளுக்கு என்ன செய்கிறேன்? முதலில் சூடு. ரப்பர் பை இல்லாத வெளியூர் மைதானத்தில் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் போதும். சுடுதண்ணீர் ஊற்றி மூடியை இறுக்கி, ஒரு துண்டை இரண்டு சுற்றுச் சுற்றி, புறங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் தொப்புளுக்குக் கீழே வைப்பேன். முழங்காலுக்கு அடியில் தலையணை. 15 நிமிடம், 20 நிமிடம். புருவம் முதலில் தளரும், அப்புறம் தோள், கடைசியாகக் கால் விரல்கள் விரியும். கருப்பையின் வலியைக் கொண்டுபோகும் நரம்புகள் முதுகுத்தண்டில் மார்புப் பகுதியின் பத்தாவது எலும்பிலிருந்து இடுப்பின் முதல் எலும்பு வரையுள்ள மட்டத்தில் நுழைகின்றன. அடிவயிற்று வலிக்கு இடுப்பும் சேர்ந்து வலிப்பது இதனால்தான். டென்ஸ் கருவியின் பட்டைகளை நான் அடிவயிற்றிலோ அந்த முதுகு மட்டத்திலோ ஒட்டுவதும் இதை வைத்துத்தான். எறும்பு ஊர்வது மாதிரியான மின்துடிப்பு, வலிக்காத அளவுக்கு. சட்டைப்பையில் அடங்கும் கருவி, மருந்தில்லாத நிவாரணம். மாத்திரை ஒத்துக்கொள்ளாத பெண்களுக்கு இதுதான் கை கொடுக்கிறது.

அப்புறம் நாலு காலில் நின்று முதுகை மெல்ல வளைத்து நிமிர்த்துவது, முழங்காலை மார்புக்குக் கொண்டுவருவது, வயிறு எழுந்து இறங்க மூச்சு. வழக்கமான வார்ம்அப் நேரத்தோடு பத்து நிமிடம் கூட. ஓடினால் சரியாயிடும் என்று சார்கள் சொன்னது பாதி உண்மை. வாரம் மூன்று நாள் 45 நிமிடம், ஒரு மணி நேரம் என்று மாதக்கணக்கில் உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு இந்த வலி குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதை வைத்து முதல் நாள் வெளிறிப்போய் நிற்பவளை இரண்டு ரவுண்டு ஓடச் சொல்வது வேறு விஷயம். சாப்பாட்டைக் குறைக்கவே கூடாது. குமட்டினால் இட்லியைப் பாலில் ஊறவைத்தாவது உள்ளே போக வேண்டும். சுக்குக் கஷாயம் சிலருக்கு நன்றாகக் கேட்கிறது, வலிக்கும் குமட்டலுக்கும். பெரிய மனுஷியானதும் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் கொடுத்து வளர்த்த நம் பாட்டிகள், பெண் உடம்புக்கு அந்த நாட்களில் சாப்பாடு வேண்டும் என்பதைத் தெரிந்துதான் வைத்திருந்தார்கள். அதே பாட்டிகள் திண்ணையில் ஒதுக்கியும் வைத்தார்கள், அதை நான் ஏற்கவில்லை.

வலிக்கு இணையாகப் பெண்களை வாட்டுவது கழிப்பறை. நான் போன மைதானங்களில் பெண்கள் கழிப்பறை பூட்டிக் கிடக்கும், அல்லது திறந்திருக்கும், தண்ணீர் வராது. நாப்கின் போட ஒரு தொட்டி இருக்காது. அதற்குப் பயந்து பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. நீர் வற்றிய உடம்பில் தலைவலி, மயக்கம், மாத்திரையின் கெடுதல் எல்லாமே கூடுகிறது. எத்தனை நுட்பமான வைத்தியம் தெரிந்திருந்தாலும் ஒரு குழாயில் தண்ணீர் வராவிட்டால் வீண். உடைக்கும் இதே கதைதான். விம்பிள்டனே 2023இல் வெள்ளைப் பாவாடைக்குள் கருநிற உள்டிராயர் போட்டுக்கொள்ள அனுமதித்தது. எங்கள் விடுதியில் அதற்கும் முன்பே டிராயரைக் கருநீலமாக்கினோம். துணிக்கடைச் செலவு ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை.

2016 ரியோ ஒலிம்பிக்கில் தொடர் நீச்சலில் சீனா நாலாவதாக வந்தபோது அந்த அணியின் ஃபூ யுவான்ஹுய், முந்தின நாள் தனக்கு மாதவிலக்கு தொடங்கியது, களைப்பாக இருந்தது என்று கேமரா முன்னால் சொன்னார். அதை நான்தான் பெண்களுக்குச் சொன்னேன். 2024 ஆகஸ்டில் பாரிஸில் மீராபாய் சானு 199 கிலோ தூக்கி, ஒரே கிலோவில் வெண்கலத்தைத் தவறவிட்டார். மாதவிலக்கின் மூன்றாம் நாள், உடம்பு கொஞ்சம் பலவீனமாக இருந்தது என்றார். அதைப் பெண்கள் வந்து எனக்குச் சொன்னார்கள். "அவங்களே சொல்லிட்டாங்கக்கா!" அந்த ஒரு கிலோ அதனால்தான் போனது என்று யாராலும் சொல்ல முடியாது, அவரும் அப்படிச் சொல்லவில்லை. நாட்டுக்கே தெரிந்த ஒரு பெண் பளுதூக்கும் மேடையிலிருந்து இறங்கி வந்து அதைச் சாதாரணமாகச் சொன்னார் என்பதே எங்கள் பெண்களுக்குப் போதுமாக இருந்தது.

வலியைப் பற்றியே எழுதிக்கொண்டு வருகிறேன். மாதவிலக்கே வராமல் போவதும் ஒரு நோய்க்குறி என்பதைச் சொல்லியாக வேண்டும். எடைப்பிரிவு விளையாட்டில் ஒரு பெண். நோட்டில் நாலு மாதமாகச் சிவப்பே இல்லை. "எனக்கு நிம்மதிக்கா, வரவே இல்லை" என்றாள். அவளுடைய பயிற்சியாளருக்கும் நிம்மதி, அவள் உழைப்பதற்கு அது அத்தாட்சி என்றே நினைத்தார். எடை குறைக்க ராத்திரிச் சாப்பாட்டை விட்டிருந்தாள். செலவழிக்கும் சக்திக்கு ஈடாகச் சாப்பிடாதபோது உடம்பு அவசரமில்லாத வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தும், முதலில் நிற்பவற்றில் ஒன்று மாதவிலக்கு. கூடவே எலும்பின் வலுவும் குறையும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இதற்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டது. மூன்று மாதம் வரவில்லையென்றால் காத்திருக்கக் கூடாது. அவளுக்கு முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் நூல் போல விரிசல் விழுந்திருந்தது. கட்டுப் போட்ட வாரத்தில்தான் அவள் ராத்திரி மறுபடி சோறு சாப்பிட ஆரம்பித்தாள்.

இன்னொருத்தியின் நோட்டில் வலி 9, 9, 10. மாதவிலக்கு இல்லாத நாட்களிலும் 5. மாத்திரை கேட்கவில்லை, சூடு கேட்கவில்லை. இப்படி இருந்தால் எண்டோமெட்ரியோசிஸ், அதாவது உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய், இருக்கிறதா என்று மகப்பேறு மருத்துவர்தான் பார்க்க வேண்டும். அவள் அம்மாவை வரவழைத்தேன். "கல்யாணமாகாத பொண்ணை அந்த டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா ஊர்ல என்ன பேசுவாங்கம்மா?" என்றார். அவர் கெட்டவர் அல்ல, பயந்தவர். "ஒரு குழந்தை பெத்தா எல்லாம் சரியாயிடும்னு எங்க மாமியாரும் சொன்னாங்க" என்றார். பேசிப் பேசி ஒன்றரை வருடம் ஆனது. கடைசியில் நானும் கூடப் போவதாகச் சொல்லி, பக்கத்து ஊரில், முகம் தெரியாத மருத்துவமனையில் காட்டினோம். சந்தேகம் சரியாக இருந்தது. சிகிச்சை எடுத்துக்கொண்டு இப்போது ஆடுகிறாள். ஆனால் அந்த ஒன்றரை வருடம் 18 வயதுப் பெண்ணின் ஒன்றரை வருடம். அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

போன மாதம் விடியற்காலை ஐந்தே முக்காலுக்குப் போன். வெளியூர்ப் போட்டிக்குப் பெண்களைக் கூட்டிப்போயிருந்த அதே மூத்த பயிற்சியாளர்.

"மேடம், நம்ம தடை ஓட்டப் பொண்ணுக்கு இன்னைக்கு ரெண்டாவது நாளு. அவளே வந்து சொன்னா. ஹீட்ஸ் ஒன்பதே முக்காலுக்கு. இட்லி இப்பவே சொல்லிட்டேன், டாக்டர் எழுதுன மாத்திரை அதுக்கப்புறம். சுடுதண்ணி பாட்டில் ரெடி. வேற என்ன பாக்கணும்?"

"கிரவுண்டுல டாய்லெட் எங்க இருக்குன்னு பாத்து வைங்க சார். தண்ணி வருதான்னும் பாருங்க."

"நேத்தே பாத்துட்டேன் மேடம். வரலை. ரெண்டு குடம் சொல்லி வச்சிருக்கேன்."